கொரியச் சம்பந்தியிடம் ஒரு கேள்வி

கொரிய மொழி பேசுவதற்காக ஜெர்மனிக்குப் போன திருச்சிக்காரி என்று யாராவது இருந்தால் அது நானாகத்தான் இருக்கும். விசாவுக்குப் போனபோது பயணத்தின் நோக்கம் என்ன என்று கேட்டார்கள். தோழியைப் பார்க்க என்று சொல்லி வைத்தேன். உள்ளதைச் சொல்லியிருந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்திருப்பார்.

உள்ளது இதுதான். சாந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நான் கல்லூரியில் படித்த காலத்தில் எங்கள் தெருவில் நாலைந்து வருடம் குடியிருந்தார். பிறகு கணவரோடு ஜெர்மனிக்குப் போய் கொலோனில் நிலைத்துவிட்டார். அவருடைய மகன் கோகுலன் அங்கே பிசியோதெரபிஸ்ட். செல்லோ வாசித்து வாசித்து மணிக்கட்டைக் கெடுத்துக்கொண்ட ஹேஜின் என்ற கொரியப் பெண் அவனிடம் சிகிச்சைக்கு வந்தாள். கை சரியாகிவிட்டது, அவள் வருவது மட்டும் நிற்கவில்லை. இப்போது கல்யாணப் பேச்சு. பெண்ணின் அம்மா கொரியாவிலிருந்து ஒரு வாரத்துக்கு வருகிறார். இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்து பேச வேண்டும். அக்காவுக்குத் தமிழும் ஜெர்மனும் தெரியும், அவருக்குக் கொரியன் மட்டும்தான்.

பெண்ணே மொழிபெயர்க்கலாமே என்று போனில் கேட்டேன். அக்கா சிரித்தார். "தாய் சொல்லுறதை அவள் ஜெர்மன்ல சொல்லுவாள். எனக்கு விளங்காததை இவன் தமிழில சொல்லுவான். ரெண்டு பேரும் தங்களுக்கு வேண்டின மாதிரி மாத்திப் போடுவினம். எனக்கு எங்கட பக்கத்தில ஒரு ஆள் வேணும், வசந்தி. நீதான் சீனம், ஜப்பான், கொரியன் எல்லாம் படிச்சு வைச்சிருக்கிறாய் எல்லே?"

படித்து வைத்திருப்பது நிஜம்தான். மகள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு காலை நேரம் காலியாகக் கிடந்தது. காப்பீட்டு அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஜப்பானியம் தொடங்கினேன். அதில் சீன எழுத்துகள் வருகின்றனவே, எப்படியும் படிக்கத்தானே வேண்டும் என்று சீனத்தையும் சேர்த்துக்கொண்டேன். அங்கேதான் மாட்டினேன். ஒரே எழுத்துக்குச் சீனத்தில் ஒரு உச்சரிப்பு, ஜப்பானியத்தில் இரண்டு மூன்று. புகுந்த வீட்டில் ஒரு பெயரும் பிறந்த வீட்டில் இரண்டு செல்லப் பெயருமாக இருக்கும் மருமகளைப் போல. கொரியனுக்கு வந்தபோது, அங்கே எழுத்தைப் படிப்பது சுலபம் என்பதால், அப்பாடா என்றிருந்தது. கொரியனும் தமிழும் ஒன்றுதான், அம்மா அப்பா என்றுதான் அங்கேயும் கூப்பிடுகிறார்கள் என்று என் மைத்துனர் வாரம் ஒருமுறை வாட்ஸப்பில் அனுப்புவார். அம்மாவையும் அப்பாவையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கிலோ வெங்காயம்கூட வாங்க முடியாது என்று நான் பதில் போடுவேன்.

ஆசிரியர் கிடையாது, கூடப் படிப்பவர் கிடையாது. பாடங்களில் எப்போதும் இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள். முதல் ஆள் நான். இரண்டாவது ஆளாக இருக்கும்படி என் கணவரைக் கேட்டேன். ஒரு காலை இருந்தார். நான் சீனத்தில் எது கேட்டாலும் "சரி, இட்லி எப்போ?" என்று தமிழில் பதில் சொன்னார். மறுநாள் முதல் இரண்டு வேடமும் என்னுடையதாயிற்று. குழப்பம் வராமலிருக்க இரண்டாவது ஆளுக்குக் கொஞ்சம் மூக்கால் பேசுவேன். இப்படியே ஆறேழு வருடம் ஓடிவிட்டது. எங்கள் வீட்டுச் சமையலறையில் சீனப் பயணிகளும் ஜப்பானியக் கடைக்காரர்களும் கொரிய மாமியார்களும் நாள்தோறும் உரையாடினார்கள், எல்லாரும் என் குரலில்.

வெள்ளிக்கிழமை பிராங்க்பர்ட்டில் இறங்கி ரயில் ஏறினேன். ஜெர்மன் ரயில் மணி அடித்தாற்போல் வரும் என்று கேள்விப்பட்டதெல்லாம் பழைய கதை போலிருக்கிறது. கொலோன் நெருங்கும்போது ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். பெட்டி முழுவதும் சேர்ந்து ஒரு பெருமூச்சு விட்டது. அவ்வளவுதான் எதிர்ப்பு. நம் ஊராக இருந்தால் இதற்குள் நாலு பேர் ரயில் கார்டைத் தேடிப் போயிருப்பார்கள். பக்கத்து இருக்கை அம்மாள் ஆங்கிலத்தில் விளக்கினார்: ரயில் பெரிய நிலையத்துக்குப் போகாது, ஆற்றுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும், பாலத்தில் நடந்தால் போய்விடலாம், தினமும் நடப்பதுதான்.

மிளகாய்த்தூளும் முறுக்கும் நிறைந்த பெட்டியை இழுத்துக்கொண்டு ரைன் நதியைக் கால்நடையாகக் கடந்தேன். பாலத்தின் கம்பிவலை முழுக்கக் காதலர்கள் பூட்டிவிட்டுப் போன பூட்டுகள். பெட்டி கனத்தாலும் நின்று நின்று படித்தேன். கொரிய எழுத்தில் ஒரு பூட்டு, சீனத்தில் ஒரு பூட்டு, இருவர் பெயரும் ஜப்பானிய எழுத்தில் இன்னொன்று. எல்லாம் படிக்க வந்தது. எனக்கிருந்த பெருமையில் ரயில் என்னை இறக்கிவிட்டதையே மறந்துவிட்டேன்.

பாலம் முடிகிற இடத்தில், பெரிய தேவாலயத்தின் வாசலில், சீனப் பயணிகள் கூட்டமொன்று நின்றது. தொப்பி போட்ட ஒரு அம்மாள் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். விடுவேனா? எங்கிருந்து வருகிறீர்கள் என்று சீனத்தில் கேட்டேன். ஷாங்காயிலிருந்து வருகிறேன், மூன்று நாள் தங்குவேன், ஊர் மிகவும் அழகு என்றும் நானே தொடர்ந்தேன். ஏனென்றால் பாடத்தில் இரண்டாவது ஆள் அப்படித்தான் சொல்வாள். தொப்பி அம்மாள் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, இந்தப் பெண் ஷாங்காய்க்காரியாம் என்று அறிவித்தார். அந்தச் சீனம் எனக்கு நன்றாகவே புரிந்தது. பத்துப் பேர் வந்து என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அழைத்துப் போக வந்த கோகுலன் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை காலை அவன் என்னைப் பக்கத்து ஊரான டுசெல்டோர்புக்குக் கூட்டிப் போனான். அங்கே ஜப்பானியக் கடைகளாகவே ஒரு தெரு இருக்கிறது. அன்ரி, அதாவது நான், கொஞ்சம் கதைத்துப் பழகட்டும் என்று அக்காவிடம் சொன்னான். வழியில் ரயிலில்தான் முழுக் கதையும் வந்தது. ஹேஜினின் அம்மா வந்து நாலு நாளாகிறது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போனிலும் பல மாதமாக அப்படித்தானாம். சாப்பிட்டாயா, குளிருக்கு உடுத்திக்கொண்டாயா, அதோடு சரி. திங்கட்கிழமை விமானம்.

"அம்மா தன்ர வாயால ஒரு சொல் சொல்லாமல் கலியாணம் இல்லை எண்டு ஹேஜின் சொல்லிப் போட்டா," என்றான். "நானும் ஓம், சரி எண்டுதான் சொன்னனான். ஆனா அவ சொல்லாமலே ஃபிளைட் ஏறினால் என்ன செய்யிறது, அன்ரி?" ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டான். எனக்கு அதுவரை இது வேடிக்கையான பயணமாக இருந்தது. அந்த நிமிடத்திலிருந்து அப்படி இல்லை.

ஜப்பானிய பேக்கரியில் கறி வைத்த ரொட்டி மொறுமொறுவென்று அடுக்கியிருந்தது. வெண்ணிறக் கையுறை போட்ட பெண்மணி என்னைப் பார்த்துக் குனிந்தார். இரண்டு தாருங்கள் என்றேன் ஜப்பானியத்தில். கடைக்காரர் சூடாக்கித் தரவா என்று கேட்பார் என்பது எனக்குத் தெரியும், பாடத்தில் கேட்பார். ஆகவே அதையும் கேட்டேன். வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று பதிலும் சொன்னேன். பை வேண்டுமா, வேண்டாம், நன்றி. அந்த அம்மாள் வாயைத் திறக்கவே தேவையிருக்கவில்லை. ஜப்பானியருக்கே உரிய மரியாதையோடு மறுபடி குனிந்து, ஆறிப்போன ரொட்டி இரண்டைக் கையில் கொடுத்தார்.

வெளியே குளிரில் நின்று சாப்பிட்டோம். உள்ளே இருந்த கறி உறைந்து கிடந்தது. கோகுலன் பாதி ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னான்: "அன்ரி, உங்கட ஜப்பான் பாஷை நல்ல வடிவா இருக்கு. ஆனா நீங்கள் ஆக்களைப் பதில் சொல்ல விடுறியள் இல்லை."

நான் சுருக்கென்று நிமிர்ந்தேன். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நேற்றைய ஷாங்காய் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். கேள்வி கேட்டால் எதிரில் இருப்பவர் பதில் சொல்வார் என்ற சின்ன விஷயத்தை மூன்று மொழி படித்தும் நான் படிக்கவில்லை. போனும் குக்கரும் எனக்குப் பதில் சொன்னதே இல்லையே, எப்படித் தெரியும்? "நாளைக்குக் கேள்வியைக் கேட்டுட்டு விட்டிடுங்கோ," என்றான் கோகுலன். சரி என்றேன். திரும்பி வரும் ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு, கேட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பயிற்சி செய்தேன். சும்மா இருப்பதை எப்படிப் பயிற்சி செய்வது என்று பிடிபடவில்லை.

அன்று மாலை அக்கா வீட்டில் தேங்காய் துருவுவதும் மசாலா அரைப்பதும் அமர்க்களப்பட்டது. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் கூடாது. மிக்ஸி ஓடினால் கீழ்வீட்டு அம்மாள் மேலே வந்து மணியடிப்பாராம். நம் ஊரில் ஞாயிறன்றுதான் மாவரைப்பு, துணி துவைப்பு, பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி எல்லாம் சேர்ந்து ஒலிக்கும் என்று சொல்லிச் சிரித்தேன். சம்பந்தி பேச்சுக்கும் இங்கே டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்த நேரம், வைத்தாகிவிட்டது, பன்னிரண்டரை என்றால் பன்னிரண்டரைதான் என்றார் அக்கா.

மிக்ஸி நின்ற இடைவெளியில் அவர் குரல் தாழ்ந்தது. பெண் நல்ல பெண், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சமையலறையில் நின்று மனம்விட்டுக் கதைக்க ஒரு மருமகள் வருவாள் என்று நினைத்திருந்தாராம். வயதான பிறகும் வீட்டுக்குள்ளேயே ஜெர்மனில் பேச வேண்டி வரும் என்று நினைக்கவில்லையாம். இதை மகனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். மிக்ஸியை மறுபடி ஓட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு மணி அடித்தது. ஹேஜினும் அவள் அம்மாவும் வந்தார்கள். அம்மா சின்ன உருவம், குட்டையாக வெட்டிய முடி, சாம்பல் நிறக் கோட்டு. சலவைக் கடை வைத்திருக்கிறார்களாம். கடையைப் பூட்ட முடியாதென்று கணவர் ஊரிலேயே நின்றுவிட்டார். வாசலில் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றி, நுனியைத் திருப்பி ஒழுங்காக வைத்தார். அக்கா என் காதருகே வந்து, இத்தனை வருடம் சொல்லியும் ஒரு ஜெர்மன்காரருக்கு இது வரவில்லை என்றார். முதல் மதிப்பெண் விழுந்தது.

அவர் கொண்டுவந்தது பெர்சிமன் என்கிற பனிச்சைப் பழங்கள் காயவைத்து ஒரு பெட்டி, சோற்றோடு சாப்பிடும் கடற்பாசித் தாள் ஒரு கட்டு. அக்கா பெட்டியை வாங்கி மேசை நடுவிலேயே வைத்தார். சோறு, தேங்காய்ப்பால் சொதி, பருப்பு, கணவாய்ப் பிரட்டல். கணவாயைப் பார்த்ததும் அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது, கடல்மீன் தின்று வளர்ந்த முகம். சொதியைச் சூப்பாகக் கருதி கரண்டியால் அள்ளிக் குடித்தார். தப்பென்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

காரமாக இருக்கிறதா என்று கொரியனில் கேட்டேன். கேட்டுவிட்டு நாக்கைப் பல்லால் கடித்துக்கொண்டேன். அவர் யோசித்துவிட்டு, கொஞ்சம் குறைவு என்றார். நான் அப்படியே தமிழில் சொன்னேன். அக்காவின் புருவம் உயர்ந்தது. "என்ர கறி உறைப்புக் காணாதாமோ?" என்று கணவரைப் பார்த்தார். தேவன் அண்ணை எதிலும் தலையிடாதவர் என்று பெயரெடுத்தவர். அதிலும் தலையிடவில்லை. ஊர் மிளகாய்த்தூளைக் கொண்டுவரச் சொல்லி அக்கா கணவாயின் மேல் இன்னும் தூவினார். அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றார்.

நான் கேட்க, அவர் சொல்ல, நான் தமிழாக்க, அக்கா சிரிக்க, எல்லாம் அழகாகப் போனது. கோகுலன்கூட எனக்குக் கண்ணால் ஒரு சபாஷ் போட்டான். அதில்தான் நான் அசந்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். "இப்ப கேள், வசந்தி. பிள்ளையை எங்களிட்டைத் தாறதுக்கு அவவுக்கு மனம் சம்மதமோ எண்டு."

கேட்டேன். மரியாதைச் சொற்கள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. திருச்சியிலிருந்து கிளம்பும்போதே மெருகேற்றத் தொடங்கிய வாக்கியம் அது. அதற்கான பதிலையும் சேர்த்து மெருகேற்றியிருந்தேன். என் வாய் நிற்கவில்லை. "சம்மதம், மிகவும் மகிழ்ச்சி" என்று அதே மூச்சில், கொஞ்சம் மூக்கால், அந்த அம்மாளுக்காகவும் சொல்லி முடித்துவிட்டேன்.

கோகுலனுக்குக் கொரியன் தெரியாது. ஹேஜினின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு கண்களை மூடினான். அவளுடைய அம்மா கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நான் அப்படிச் சொல்லவில்லை," என்றார்.

ஹேஜின் பதறிப்போய் ஜெர்மனில் அக்காவிடம் ஏதோ விளக்கத் தொடங்கினாள். அம்மா அவள் கைமேல் கை வைத்தார். "நீ பேசாதே. நீ அழகாகப் பேசி முடித்துவிடுவாய். கேட்டது இவர், நான் இவரிடமே சொல்கிறேன்."

எனக்குப் புரிய வேண்டுமென்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மகள் படிக்க ஜெர்மனி போகிறேன் என்றபோது, உன் அம்மாவுக்கு மகிழ்ச்சிதான் என்று சொன்னவர் கணவர். இங்கேயே தங்கிவிடப் போகிறேன் என்றபோது, அம்மாவுக்குப் பெருமை என்று உறவினரிடமெல்லாம் சொன்னவன் தன் மகன். இந்தக் கல்யாணத்துக்கும் அம்மா சரி சொல்லிவிடுவார் என்று சித்தியிடம் போனில் சொன்னது மகளே. "எல்லாரும் எனக்கான பதிலைச் சொல்லிவிடுகிறார்கள். யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள் என்று சந்தோஷப்பட்டேன். அதற்குள் நீங்களும் சொல்லிவிட்டீர்கள்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மொழியைத் தப்புத் தப்பாகப் பேசியிருந்தால்கூட இப்படிக் கூசியிருக்காது. என்னவாம் என்று அக்கா கேட்டார். என் தப்பையும் சேர்த்து, ஒன்றையும் மாற்றாமல் சொன்னேன். அதற்காகத்தானே இவ்வளவு தூரம் வரவழைத்தார்.

கேட்டு முடித்த அக்கா மகனைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். "என்னை மட்டும் ஆர் கேட்டது? இவன் வந்து சொன்னான், நான் வாயைத் திறக்க முன்னம் இவர் 'சாந்திக்கு ஓம்தான்' எண்டிட்டார். அதையும் அவவுக்குச் சொல்லு."

சொன்னேன். அந்த அம்மாள் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்து இருவரும் என் முகத்தையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் நேருக்கு நேர்.

"திரும்பக் கேள்," என்றார் அக்கா. "கேட்டுட்டு வாயைப் பொத்திக்கொண்டு இரு."

அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். கேட்டவுடன் பெட்டியிலிருந்து ஒரு முழுப் பனிச்சைப் பழத்தை எடுத்து வாய்க்குள் திணித்துக்கொண்டேன். என்னை நம்புவதற்கில்லை.

வீடு அமைதியாக இருந்தது. கீழ்வீட்டு அம்மாள் மெச்சியிருப்பார். என் சமையலறையில் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இப்படி ஒரு இடைவெளி இருந்ததே இல்லை. குளிர்பதனப் பெட்டியின் ஓசை கேட்டது. ஹேஜின் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இனி பதிலே வராது, நாளை விமானம் ஏறிவிடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"மனம் இல்லை," என்றார் அந்த அம்மாள்.

ஹேஜினின் தலை தாழ்ந்தது. நான் மொழிபெயர்க்கப் போனேன். வாயில் பழம் இருந்தது நல்லதாகப் போயிற்று, அவர் இன்னும் முடித்திருக்கவில்லை. "இவ்வளவு தூரத்தில் விட எனக்கு மனம் இல்லை. இனிமேலும் வராது. கல்யாணத்துக்கு வருவேன். சேலை கட்டச் சொன்னாலும் கட்டிக்கொள்வேன். ஆனால் அம்மாவுக்கு மனம் வந்துவிட்டது என்று மட்டும் யாரும் எனக்காகச் சொல்ல வேண்டாம்."

ஹேஜின் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பழத்தை விழுங்கிவிட்டுத் தமிழில் சொன்னேன். எத்தனை வருடமாக எத்தனை அம்மாக்களுக்கு நான் பதில் பேசியிருக்கிறேன். மூன்று மொழியிலும் எல்லாருமே சம்மதம் என்பார்கள், நன்றி என்பார்கள். இப்படி ஒரு பதில் எனக்குத் தோன்றியதே இல்லை.

அக்கா கணவாய்ச் சட்டியை அந்த அம்மாளின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"எனக்கும் மனமில்லை எண்டு சொல்லு. நானும் வருவன் எண்டும் சொல்லு."

சொன்னேன். அந்த அம்மாள் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியவில்லை. காத்திருந்தேன்.